'டெம்பெஸ்ட்' முடியும்போது ஏரியலுக்கு விடுதலை கிடைத்துவிட்டதா?

உப்புவெளி வாசகன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலையில் நாங்கள் சில பேர் சேர்ந்து, ஷேக்ஸ்பியரின் 'டெம்பெஸ்ட்' நாடகத்தில் இருந்து தெரிந்தெடுத்த காட்சிகளைத் தமிழில் மேடையேற்ற ஒத்திகை பார்த்து வருகிறோம். கடைசிக் காட்சியில் முட்டிக்கொண்டு நிற்கிறோம். ஏரியலாக நடிக்கும் பிள்ளை கேட்டாள்: "அண்ணா, நீ இனி சுதந்திரமாகப் போகலாம் என்று அவர் சொன்ன பிறகு நான் என்ன செய்ய வேண்டும்?" நூலைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம். ஏரியலுக்கு அங்கே ஒரு வரி வசனம்கூட இல்லை.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: மிலான் நகரின் பிரபு புரொஸ்பெரோவை அவருடைய தம்பியே கவிழ்த்து, சின்ன மகள் மிரண்டாவோடு கடலில் விட்டுவிடுகிறான். அவர்கள் ஒரு தீவில் கரையேறுகிறார்கள். அங்கே ஏற்கனவே இருந்த கலிபனை அவர் அடிமையாக்குகிறார். பைன் மரப் பிளவுக்குள் சிறைபட்டுக் கிடந்த ஏரியல் என்ற ஆவியை வெளியே எடுத்துத் தன் ஏவலுக்கு வைத்துக்கொள்கிறார். 12 வருடம் கழித்து, அந்தத் தம்பியும் நெப்பிள்ஸ் அரசனும் அவனுடைய மகன் பெர்டினண்டும் ஏறிய எதிரிகளின் கப்பல் அந்தப் பக்கம் வருகிறது. ஏரியலை ஏவிப் புயலைக் கிளப்பி எல்லோரையும் கரையொதுக்குகிறார். 1611 நவம்பர் 1 ஆம் திகதி முதலாம் ஜேம்ஸ் மன்னரின் அரண்மனையில் நடந்ததாகப் பதிவுள்ள நாடகம் இது.

என்னை உறுத்துவது முதல் அங்கத்தின் இரண்டாம் காட்சி. கப்பல் வேலையை முடித்துவிட்டு ஏரியல் வருகிறான். புரொஸ்பெரோ அடுத்த வேலையைச் சொல்கிறார். "இன்னும் வேலையா?" என்று கேட்டு, தனக்குத் தருவதாகச் சொன்ன ஒன்றை ஞாபகப்படுத்துகிறான். பொய் சொல்லவில்லை, பிழை விடவில்லை, முணுமுணுக்காமல் உழைத்தேன், என் ஏவல் காலத்தில் ஒரு முழு வருடத்தைக் குறைப்பதாகச் சொன்னீர்களே என்கிறான். புரொஸ்பெரோ நேரடியாகப் பதில் சொல்வதில்லை. உன்னை எப்பேர்ப்பட்ட வேதனையில் இருந்து மீட்டேன் என்று மறந்துவிட்டாயா என்று திருப்பிக் கேட்கிறார். பிறகு சூனியக்காரி சிக்கோரக்ஸ் அவனை மரத்தில் அடைத்த கதையை முதலில் இருந்து சொல்கிறார். இதை மாதம் ஒருமுறை உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றும் சொல்கிறார்! இன்னும் முணுமுணுத்தால் ஓக் மரத்தைப் பிளந்து 12 குளிர்காலம் உள்ளே வைத்து ஆப்படிப்பேன் என்கிறார். ஏரியல் மன்னிப்புக் கேட்கிறான். உடனே, இரண்டு நாளில் உன்னை விட்டுவிடுகிறேன் என்று வாக்கு. அதைக் கேட்டதும் ஏரியல் துள்ளிக் குதிக்கிறான்: என் உத்தம எசமானே, என்ன செய்ய வேண்டும், சொல்லுங்கள், என்ன செய்ய வேண்டும்?

நமக்கு இது புதிதில்லை. கர்ணனைக் கட்டிப்போட்டதும் இப்படிப்பட்ட செஞ்சோற்றுக் கடன்தான். ஆனால் துரியோதனன் அதை மாதாமாதம் சொல்லிக் காட்டவில்லை. புரொஸ்பெரோ சொல்லிக் காட்டுகிறார். கலிபனைப் பிடித்து வைக்க அவருக்கு உடம்பு வலியும் கிள்ளலும் வேண்டியிருக்கிறது. ஏரியலுக்கு ஒரு திகதி போதும். அந்தத் திகதிக்காகவே அவன் மற்ற எவனையும் விட நன்றாக வேலை செய்கிறான். இந்த நாடகத்தில் மிக இறுக்கமாகக் கட்டப்பட்டவன் ஏரியல்தான் என்பது என் கருத்து. அப்படியானால் கடைசியில் அவன் மேடையை விட்டு எப்படிப் போக வேண்டும்?

சாம்பல்தீவு எழுதியது:

தம்பி, ஏரியல் காற்றாலான ஆவி. ஐந்தாம் அங்கத்தில் புரொஸ்பெரோவுக்கு உடை மாற்றிக்கொண்டே பாடுகிறானே, தேனீ உறிஞ்சும் இடத்தில் நானும் உறிஞ்சுவேன், கிளையில் தொங்கும் பூவுக்குக் கீழே இனிச் சந்தோசமாக வாழ்வேன் என்று. அதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்? சிரித்துக்கொண்டு ஓடச் சொல்லுங்கள். சபைக்கும் அது பிடிக்கும்.

மூதூர்க்காரி எழுதியது:

சாம்பல்தீவு நானா சொல்வது போல ஓடச் சொல்லாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

என்னுடைய சாச்சி ஒருவர் சவூதியில் வீட்டு வேலைக்குப் போனவர். ஒப்பந்தம் இரண்டு வருடம். பாஸ்போட், கபீல் எனப்படும் பொறுப்பேற்ற முதலாளியின் கையில். இரண்டு வருடம் முடிந்ததும் கேட்டிருக்கிறார். நோன்பு முடியட்டும் என்றார்களாம். நோன்பு முடிந்ததும், மகளின் பிள்ளைப்பேறு முடியட்டும். பிறகு, மாற்றாள் வரட்டும். நாட்டை விட்டுப் போகும் அனுமதியான எக்ஸிட்டை அவர்கள் அடித்துத் தராமல் அங்கிருந்து வெளியேற முடியாமல் இருந்தது. அவர்கள் அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. "நீ எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி, உன்னைப் போல ஒருத்தி கிடைக்க மாட்டாள்" என்றுதான் சொல்வார்களாம். நல்லாச் செய்தபடியால்தான் விடவில்லை என்று சாச்சி சொல்வார். ஒப்பந்தத்துக்கு மேல் ஒரு வருடத்துக்கும் அதிகமாக, பெட்டியைக் கட்டிக் கட்டிலுக்குக் கீழே வைத்துக்கொண்டு வேலை செய்திருக்கிறார். பிள்ளைகளுக்கு வாங்கிய சட்டை அளவில்லாமல் போய்விட்டது என்று பிறகு வேறு வாங்கினாராம்.

நீங்கள் எழுதிய முதலாம் அங்கக் காட்சியை வாசிக்கும்போது எனக்கு இதுதான் வந்தது. ஐந்தாம் அங்கத் தொடக்கத்தையும் பாருங்கள். நேரம் என்ன என்று புரொஸ்பெரோ கேட்கிறார். ஆறு மணி ஆகப்போகிறது, இந்த நேரத்தில் வேலை முடியும் என்று சொன்னீர்களே என்கிறான் ஏரியல். ஆமாம், சொன்னேன்தான் என்று ஒத்துக்கொண்டுவிட்டு, அரசன் எப்படி இருக்கிறான் என்று அடுத்ததைக் கேட்கிறார். மணியைப் பார்த்துக்கொண்டு நிற்பவனுக்குத்தான் அந்த வரி புரியும்.

இன்னொன்று. சாச்சி ஊருக்கு வந்த பிறகு பல மாதமாக, கடைக்குப் போகவும் பக்கத்து வீட்டுக்குப் போகவும் "போகட்டுமா?" என்று கேட்டுக்கொண்டு வாசலில் நிற்பார். கேட்க வேண்டிய ஆள் அங்கே யாருமில்லை. உம்மாவின் முகத்தைப் பார்ப்பார். எங்கள் ஊரில் எத்தனையோ வீடுகளில் இப்படி வந்தவர்கள் இருக்கிறார்கள். வராமல் போனவர்களும் இருக்கிறார்கள். 2013 ஜனவரியில் மூதூர்ப் பிள்ளை ஒன்றுக்கு சவூதியில் மரணதண்டனை நிறைவேற்றிய நாளை இங்கே யாரும் மறக்கவில்லை.

உங்கள் ஏரியல் கொஞ்ச நேரம் நிற்கட்டும்.

உப்புவெளி வாசகன் எழுதியது:

தங்கச்சி, இதை எழுதியதற்கு நன்றி. நடிக்கும் பிள்ளைக்கு வாசித்துக் காட்டினேன். ஐந்தாம் அங்கத்து ஆறு மணி வரியை நாங்கள் சுருக்கத்துக்காக வெட்டியிருந்தோம். இனி அது இருக்கும்.

தம்பலகாமத்தான் எழுதியது:

ஏரியலைப் பற்றியே எல்லோரும் எழுதுகிறீர்கள், கலிபனை விட்டுவிட்டீர்கள். இந்தத் தீவு என்னுடையது, என் தாய் சிக்கோரக்ஸ் வழியாக எனக்கு வந்தது, நீ பறித்துக்கொண்டாய் என்று நேருக்கு நேர் சொல்கிறவன் அவன் ஒருவன்தான். வந்த புதிதில் தடவிக் கொடுத்தாய், பழம் ஊறிய தண்ணீர் தந்தாய், சூரியனுக்கும் சந்திரனுக்கும் பெயர் சொல்லித் தந்தாய், நானும் நல்ல தண்ணீர்ச் சுனை எது, உப்புக் குழி எது என்று எல்லாவற்றையும் காட்டிக் கொடுத்தேன் என்கிறான். தண்ணீர் இருக்கும் இடத்தைக் காட்டிக் கொடுத்த பிறகு காணி போகிறது. இதை எங்கள் பக்கத்து விவசாயிக்கு விளக்கத் தேவையில்லை.

ஆனால் இரண்டாம் அங்கத்தில் அவன் செய்வதைப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது. கப்பலில் வந்த அரசனின் பணியாள் ஸ்டெபானோ குடித்துவிட்டு வந்து ஒரு வாய் வைன் கொடுக்கிறான். கலிபன் அவனைக் கடவுள் என்று நம்பிக் காலில் முத்தமிடுகிறான். முன்பு புரொஸ்பெரோவுக்குக் காட்டிய அதே சுனைகளை இவனுக்கும் காட்டுவதாகச் சொல்கிறான். விறகு சுமந்து தருவேன் என்கிறான். பிறகு, புது எசமான் வந்தாச்சு என்று பாடிக்கொண்டு, விடுதலை விடுதலை என்று கூத்தாடுகிறான். புது எசமானும் விடுதலையும் ஒரே மூச்சில்! மாட்டுக்குக் கயிற்றை நீட்டிக் கட்டினால் அது மேய்கிற மட்டும் கட்டே தெரியாது. கயிறு கைமாறினாலும் தெரியாது.

திருகோணமலைக்காரருக்கு இது தெரிந்த கதை. 1948 இல் இலங்கைக்குச் சுதந்திரம் என்றார்கள். எங்கள் துறைமுகத்தில் பிரித்தானியக் கடற்படை 1957 வரை இருந்தது. சுதந்திரக் கொடி கொழும்பில் ஏறி ஒன்பது வருடத்துக்குப் பிறகுதான் இந்தத் தளம் கைமாறியது.

மார்த்தினிக் தீவுக் கவிஞர் எமே செசேர் 1969 இல் இந்த நாடகத்தைத் திருப்பி எழுதினார். அதில் கலிபனின் வாயில் வரும் முதல் சொல்லே ஆபிரிக்க விடுதலை முழக்கமான 'உஹுரு'. எசமான் வைத்த பெயர் வேண்டாம், என்னை எக்ஸ் என்று கூப்பிடு என்கிறான். தேடிப் படியுங்கள். கலிபனுக்கு அங்கேதான் முதுகு நிமிர்கிறது.

நாலாம் கட்டை எழுதியது:

அண்ணை, கலிபனின் காணிக் கதை சரி. ஆனால் அவன் மிரண்டாவைப் பலாத்காரம் செய்யப் போனவன். புரொஸ்பெரோ அதைச் சொல்லும்போது மறுக்கவும் இல்லை, நடந்திருந்தால் இந்தத் தீவை என் பிள்ளைகளால் நிரப்பியிருப்பேன் என்று சிரிக்கிறான். அதை விட்டுவிட்டு அவனை விடுதலை வீரனாக்குவது அந்தப் பெண்பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

தம்பலகாமத்தான் எழுதியது:

மறைக்கச் சொல்லவில்லை தம்பி. மேடையில் அது கட்டாயம் வர வேண்டும். பறிபட்டவன் என்பதால் அவன் நல்லவனாகிவிட மாட்டான், நல்லவன் இல்லை என்பதற்காகப் பறித்தது நியாயமாகியும் விடாது. இன்னொரு வரியையும் பாருங்கள். அவன் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்று மிரண்டா சொன்னதும் புரொஸ்பெரோ சொல்கிறார்: அவன் இல்லாமல் நம்மால் முடியாது, தீ மூட்டுகிறான், விறகு கொண்டு வருகிறான், நமக்கு ஆகிற வேலை செய்கிறான். மகளுக்கு அவ்வளவு பெரிய தீங்கு நினைத்தவனை அருகிலேயே வைத்திருப்பதற்கு விறகுதான் காரணம்.

கொட்டியாரக் குடா எழுதியது:

இந்த விவாதத்தில் எங்கள் ஊர்க் கதை ஒன்றைச் சேர்க்காமல் இருக்க முடியவில்லை. புயல், தீவு, சிறை எல்லாம் அதில் இருக்கிறது, நடந்த கதை.

1659 இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின் 'ஆன்' என்ற கப்பல் மசூலிப்பட்டினத்தில் புயலில் அகப்பட்டுப் பாய்மரத்தை இழந்தது. பாய்மரத்தைச் சரிசெய்ய எங்கள் கொட்டியாரக் குடாவுக்கு வந்தார்கள். 1660 இல் இரண்டாம் இராஜசிங்க மன்னனின் ஆட்கள் கப்பல் தலைவனையும் அவருடைய மகன் ரொபர்ட் நொக்ஸையும் மாலுமிகள் சிலரையும் பிடித்துக் கண்டி இராச்சியத்துக்குக் கொண்டுபோனார்கள். மூதூரில் 'வெள்ளைக்காரன் மரம்' என்று நினைவுக்கல் வைத்த இடம் இதற்காகத்தான். தகப்பன் அடுத்த வருடமே காய்ச்சலில் இறந்துபோனார். மகன் 19 வருடம் இருந்தார்.

எப்படி இருந்தார் என்பதுதான் இந்த இழைக்குத் தேவையான விசயம். சங்கிலி இல்லை. சிறைக்கூடமும் இல்லை. ஆட்களைப் பிரித்து ஊருக்கு ஒருவராக விட்டார்கள். ஊர்மக்கள் சாப்பாடு கொடுக்க வேண்டும் என்பது மன்னனின் கட்டளை. நொக்ஸ் தொப்பி பின்னி விற்றார், நெல் கடன் கொடுத்தார், வீடு கட்டினார், காணியும் வாங்கினார். கூட வந்தவர்களில் சிலர் அங்கேயே கலியாணம் செய்து பிள்ளை குட்டியோடு இருந்துவிட்டார்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் நல்ல வசதியான வாழ்க்கை. நாட்டை விட்டுப் போக மட்டும் முடியாது.

நொக்ஸ் அந்த வசதியை நம்பவில்லை. வியாபாரம் என்ற சாட்டில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு பயணத்திலும் வடக்குப் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்ப் பாதையைப் படித்தார். 1679 இல் ஒரு கூட்டாளியோடு காடு வழியாக நடந்து, மன்னார்ப் பக்கம் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார். 1681 இல் இலண்டனில் அவருடைய புத்தகம் வந்தது.

இதோடு நிறுத்தினால் நல்ல கதை. ஆனால் நொக்ஸ் பிறகு கம்பனிக் கப்பல் ஒன்றுக்குத் தலைவரானார். மடகாஸ்கரில் அடிமைகளை ஏற்றி சென் ஹெலனா தீவுக்குக் கொண்டுபோகும் பயணத்துக்கும் போனார். 19 வருடம் தன் நாட்டுக்குப் போக முடியாமல் தவித்த மனிதன்! இதை முதன்முதலில் வாசித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். உங்கள் ஏரியலையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். விடுதலைக்காக ஏங்குகிற அந்த ஆவிதான் கலிபன் கூட்டத்தை இசையால் மயக்கி, முள்ளுக்குள்ளும் நாறுகிற குட்டைக்குள்ளும் இழுத்துவிடுகிறது. வேட்டை நாய்களை ஏவிவிடும்போது புரொஸ்பெரோவோடு சேர்ந்து கூவுகிறது. கலிபனும் தன்னைப் போல அகப்பட்டவன் என்ற நினைப்பு ஓரிடத்திலும் அதற்கு வரவில்லை. நெப்பிள்ஸ் அரசனின் கூட்டம் அழுவதைப் பார்த்து, நான் மனிதனாக இருந்தால் இரங்கியிருப்பேன் என்று சொல்கிறது. அந்த இரக்கம் கலிபனுக்கு வரவில்லை.

இலக்கிய ரீச்சர் எழுதியது:

நொக்ஸ் கதை அருமை. நான் ஏ.எல். மாணவருக்குப் பல காலம் நாடகம் படிப்பித்தவள், என் பங்குக்கு மிரண்டா.

நம் ஆட்களுக்கு அடிமைத்தனம் என்றால் முதலில் வருவது அரிச்சந்திரன். நடிகமணி வி. வி. வைரமுத்துவின் மயான காண்டத்தைப் பார்த்து விடிய விடிய அழுத தலைமுறை இன்னும் இருக்கிறது. சொன்ன சொல்லுக்காகத் தன்னையே சுடலை காப்பவனுக்கு விற்றான் என்று அவனுக்காக அழுவோம். சந்திரமதியை விற்றது யார்? அவள் கணவன்தான். அவன் தன் சத்தியத்துக்காக அடிமையானான், அவள் அவனுடைய சத்தியத்துக்காக அடிமையானாள். அவள் சம்மதித்தாள் என்று கதை சொல்கிறது. அந்தச் சம்மதத்தைப் பற்றி ஒவ்வொரு வகுப்பிலும் பெண்பிள்ளைகள் கேட்பார்கள்.

மிரண்டாவும் சம்மதிக்கிறாள். தகப்பன் சொல்லை மீறி பெர்டினண்டுக்குப் பெயரைச் சொல்கிறாள், தானே கலியாணம் கேட்கிறாள், நீ ஏற்காவிட்டாலும் உன் பணிப்பெண்ணாக இருப்பேன் என்கிறாள். நாடகத்திலேயே துணிச்சலான பெண்குரல் அது. ஆனால் அவள் தன் வாழ்க்கையில் கண்ட மூன்றாவது ஆண் அவன், அதையும் அவளே சொல்கிறாள். அவனை அந்த இடத்துக்குக் கொண்டு வந்தது ஏரியலின் பாட்டு. ஏவியது தகப்பன். மகளின் கண் அவன்மேல் பட்டதும், நினைத்தபடி நடக்கிறது என்று தகப்பன் ஒதுங்கி நின்று மகிழ்கிறார். நான்காம் அங்கத்தில், என் பரிசாகவும் நீ தகுந்த விலை கொடுத்து வாங்கிய பொருளாகவும் என் மகளை எடுத்துக்கொள் என்று ஒப்படைக்கிறார். அவள் மீறியதாக நினைத்ததும் திட்டத்துக்குள்தான் இருந்தது. அவளுக்கு இது கடைசி வரை தெரியாது, அதனால் அவளிடம் கோபமும் இல்லை. ஏரியலுக்காவது தான் ஏவலாள் என்று தெரியும்.

தம்பி, நீங்கள் எந்தக் காட்சியை வெட்டினாலும் பெர்டினண்ட் விறகுக் கட்டை சுமக்கும் காட்சியை வெட்டாதீர்கள். கலிபன் சுமந்த அதே விறகு. ஒருவன் சபித்துக்கொண்டு சுமக்கிறான், மற்றவன் காதலியின் முகத்தை நினைத்து இனிமையாகச் சுமக்கிறான். தன் சுமைக்கு முடிவு இருக்கிறது என்று அரசகுமாரனுக்கு உள்ளூரத் தெரியும்.

சாம்பல்தீவு எழுதியது:

ரீச்சர் சொன்ன பிறகு கடைசிக் காட்சியைத் திரும்ப வாசித்தேன். ஒன்று கண்ணில் பட்டது, இதுவரை யாரும் எழுதவில்லை. புரொஸ்பெரோ அரசனுக்கு அமைதியான கடலும் நல்ல காற்றும் தருவதாக வாக்குக் கொடுக்கிறார், முன்னே போன கப்பல்களை எட்டிப் பிடிக்கலாம் என்கிறார். உடனே ஏரியல் பக்கம் திரும்பி, என் குஞ்சே, அது உன் பொறுப்பு, அதன் பிறகு நீ சுதந்திரமாகப் போகலாம் என்கிறார். அதன் பிறகு! கப்பல் இன்னும் கரையை விட்டுப் புறப்படவில்லை. திரை விழும்போது ஏரியல் இன்னும் வேலையில்தான் இருக்கிறான். நான் முதலில் சொன்ன தேனீப் பாட்டும் அதற்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது, அது வரப்போகும் நாளைப் பற்றிய பாட்டு.

ஆனால் புரொஸ்பெரோ பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். நீ இல்லாமல் எனக்குத் தனிமையாக இருக்கும், ஆனாலும் விடுதலை தருவேன் என்று அவர் சொல்வது பொய்யாக எனக்குப் படவில்லை. முடிவுரையில் தனியாக வந்து, என் மந்திரமெல்லாம் போய்விட்டது, மிஞ்சியிருப்பது என் சொந்தப் பலம், அது மிகக் கொஞ்சம், உங்கள் கைதட்டலால் என்னை விடுவியுங்கள் என்று சபையிடம் கேட்கிறார். 12 வருடம் மற்றவர்களைக் கட்டி வைத்தவர் யாரோ ஒருவரின் தயவுக்காக நிற்கிறார். அதை வில்லத்தனமாக நடிக்க விடாதீர்கள்.

மூதூர்க்காரி எழுதியது:

அப்படியானால் ஒரு கேள்வி நானா. கோலை முறிப்பேன், புத்தகத்தைக் கடலில் ஆழ்த்துவேன் என்று அவர் ஏற்கனவே சொல்லிவிட்டார். மந்திரமே இல்லாத மனிதரால் இனி ஏரியலை ஓக் மரத்தில் அடைக்க முடியுமா? அந்தக் கடைசி வேலையை எந்தப் பயத்தில் செய்கிறான்?

உப்புவெளி வாசகன் எழுதியது:

தங்கச்சியின் கேள்வியைத்தான் நேற்று மாலை ஒத்திகையில் போட்டுப் பார்த்தோம். முடிவுரைக்கு முன் புரொஸ்பெரோ கோலை முறித்துத் தரையில் வைக்கிறார். ஏரியல் அவருக்குப் பின்னால், வெறுமையான அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். முடிவுரை முழுவதும் அப்படியே. சபை கைதட்டத் தொடங்கியதும் புரொஸ்பெரோ போய்விடுகிறார், ஏரியல் போகவில்லை. வேலைக்கு எழுந்து நிற்பவளைப் போல ஒரு காலை முன்னால் வைத்து, யாராவது சொல்வார்களா என்று இரண்டு பக்கமும் பார்க்கிறாள். பிறகுதான் இறங்கிப் போகிறாள், புரொஸ்பெரோ போன பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக. நடிக்கும் பிள்ளை தானாகவே இதைச் செய்தாள், நான் சொல்லிக் கொடுக்கவில்லை. பயத்தில் செய்கிறாளா பழக்கத்தில் செய்கிறாளா என்று கேட்டேன். பழக்கம் என்றாள்.

விறகுக் காட்சி இருக்கிறது ரீச்சர். கலிபன் போட்டுவிட்டுப் போகும் கட்டையையே பெர்டினண்ட் எடுக்கிறான். கலிபன் பெண்பிள்ளை மீது செய்ய நினைத்ததும் அவனது காணி வழக்கும் ஒரே காட்சியில் வெட்டில்லாமல் வருகின்றன.

இப்போது எங்களுக்கு ஸ்டெபானோவுக்கு ஆள் வேண்டும். முதலில் ஒப்புக்கொண்டவர் வேலை மாற்றமாகி மட்டக்களப்புக்குப் போய்விட்டார். குடிகாரனாக நடித்துச் சிரிப்பு மூட்டினால் மட்டும் போதாது, ஒருவன் தன் காலில் விழுந்ததும் அது பிடித்துப் போகிற மனிதனாக நடிக்க வேண்டும். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் யாராவது இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள். ஒத்திகை சனிக்கிழமை பின்னேரம்.

நாலாம் கட்டை எழுதியது:

நான் வருகிறேன் அண்ணா. கலிபன் பாட்டுக்கு மெட்டுப் போட்டாச்சா? போடவில்லை என்றால் உடுக்கு வாசிக்கிற ஒருவரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.